ஒளிரும் குழியை நம்புவதற்கு முன்

தவறாக மடிந்த புரதங்கள் செல்லுக்குள் உண்டாக்கும் நெருக்கடியை மாற்றக்கூடிய மூலக்கூறுகளைத் தேடி ஸ்கிரீனிங் தொடங்கவிருக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பெரும்பாலோரை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் ஆய்வுத் திட்டங்களைப் படிக்கிறேன், ஆய்வேடுகளை மதிப்பிடுகிறேன், வாய்மொழித் தேர்வுகளில் உங்கள் எதிரே உட்காருகிறேன். சில ஆண்டுகளாக ஒரே விதமான திட்டம் மீண்டும் மீண்டும் என் மேசைக்கு வருகிறது. அல்சைமர், பார்கின்சன், ஏ.எல்.எஸ்., சர்க்கரை நோய் என்று ஏதோ ஒரு நோயில் தொடங்கும். சில நூறு அல்லது சில ஆயிரம் மூலக்கூறுகளைச் செல்கள் மேல் விட்டு, ஈ.ஆர். அழுத்தத்தைக் குறைக்கும் ஒன்றைக் கண்டெடுப்பதாக முடியும். இந்தத் துறைக்கு இத்தனை இளையவர்கள் வருவதில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. கூடவே ஒரு கவலையும் உண்டு. மூலக்கூறை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். கண்டுபிடித்தது பொய்யா என்று எப்படிச் சோதிப்பீர்கள் என்பதற்குப் பல திட்டங்களில் ஒரு பத்திகூட இருப்பதில்லை. என் பார்வையில் அந்தச் சோதனைதான் ஆய்வு. மற்றது அதற்கான ஏற்பாடு.

இந்த மடலை உங்கள் வீட்டாரும் படிக்கக்கூடும் என்பதால் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லை விட்டு வெளியே போகும் புரதங்களும் செல்சவ்வில் பதியும் புரதங்களும் எண்டோபிளாச வலைக்குள் மடிந்து உருப்பெறுகின்றன. அந்த வலையைத்தான் ஆய்வகத்தில் ஈ.ஆர். என்கிறோம். மடிப்பு தவறிய புரதங்கள் அங்கே தேங்கினால் செல் அதை உணர்ந்து எதிர்வினை ஆற்றுகிறது. 1988ல் டாலஸில் மேரி ஜேன் கெத்திங்கும் ஜோசப் சாம்புரூக்கும் நடத்திய ஆய்வகத்தில், சரியாக மடியாத ஃப்ளூ வைரஸ் புரதத்தைச் செல்களுக்குள் உற்பத்தி செய்து பார்த்தார்கள். மடிப்புக்கு உதவும் பிப் என்ற துணைப்புரதத்தைச் செல் தானாகவே கூட்டிக்கொண்டது. ஈ.ஆருக்குள் நடப்பதை உட்கருவுக்குச் சொல்வது யார் என்ற கேள்விக்கு 1993ல் விடை கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் பீட்டர் வால்டரின் குழுவும், டாலஸில் இருந்த கசுதோஷி மோரியும் தனித்தனியாக ஈஸ்டில் ஐ.ஆர்.இ.1 என்ற உணரியைக் கண்டார்கள். 2014ல் இருவருக்கும் லாஸ்கர் விருது வந்தது.

நம் செல்களில் உணரிகள் மூன்று. ஐ.ஆர்.இ.1, எக்ஸ்.பி.பி.1 என்ற எம்.ஆர்.என்.ஏ.விலிருந்து 26 எழுத்துகளை வெட்டி எடுத்து அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது. ஏ.டி.எஃப்.6 கோல்கி உறுப்புக்குப் போய், அங்கே வெட்டுப்பட்டு, உட்கருவுக்குள் நுழைகிறது. பெர்க் என்பது இ.ஐ.எஃப்.2-ஆல்ஃபா மேல் பாஸ்பேட் ஒன்றை ஏற்றிப் புரத உற்பத்தியையே தணிக்கிறது. நெருக்கடி தீர்ந்தால் செல் பிழைக்கும். தீராமல் நீண்டால் இதே எதிர்வினை, சாப் போன்ற மரபணுக்கள் வழியாக, செல்லைச் சாவுக்கு அனுப்பிவிடும். காப்பாற்றுவதும் கைவிடுவதும் ஒரே எதிர்வினையின் வேலை என்பதை மனதில் நிறுத்துங்கள். உங்கள் ஸ்கிரீனிங்கின் பெரிய சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

ஏனென்றால், எந்தப் பக்கம் தள்ளப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். சாலுப்ரினாலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டில் ஜுன்யிங் யுவானின் குழு டுனிகாமைசின் கொடுத்து நெருக்கடிக்கு ஆளாக்கிய செல்கள் மேல் சுமார் 19,000 மூலக்கூறுகளைச் சோதித்து, செல்களைச் சாகாமல் காப்பாற்றிய ஒன்றை 2005ல் வெளியிட்டது. அது இ.ஐ.எஃப்.2-ஆல்ஃபாவிலிருந்து பாஸ்பேட் நீங்காமல் தடுத்தது. புரத உற்பத்தி தணிந்தே இருந்தது, செல் மூச்சு விட நேரம் கிடைத்தது. 2009ல் ஏ.எல்.எஸ். மாதிரி எலிகளில் அதே சாலுப்ரினால் நோயின் வேகத்தைக் குறைத்தது. எல்லாம் ஒரே திசையில் போவதுபோல் தெரிந்தது. 2012ல் லெஸ்டரில் ஜொவான்னா மல்லூச்சியின் குழு அதைப் பிரியான் நோய் கண்ட எலிகளுக்குக் கொடுத்தது. அந்த எலிகள் இன்னும் சீக்கிரம் இறந்தன. அவற்றின் மூளையில் புரத உற்பத்தி ஏற்கெனவே வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. நரம்பிணைப்புகளுக்கு வேண்டிய புரதங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அந்த எலிகளுக்குத் தடையை நீக்கும் மருந்து தேவைப்பட்டது. கிடைத்ததோ தடையை நீட்டும் மருந்து.

மூலக்கூறு மாறவில்லை, அது செய்த வேலையும் மாறவில்லை. நோய் மாறியது, நோயின் எந்தக் கட்டத்தில் கொடுத்தார்கள் என்பது மாறியது. ரத்தப் புற்றுநோயான மைலோமாவில் திசையே தலைகீழ். அந்தப் புற்றுச்செல்கள் ஓயாமல் ஆன்டிபாடி செய்து தள்ளுபவை, அவற்றின் ஈ.ஆர். எப்போதும் விளிம்பில் நிற்கிறது. 2003ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்ட்டசோமிப், கழிவுப் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியசோமை அடைத்து அந்த நெருக்கடியை மேலும் ஏற்றிவிடுகிறது. செல் சாகிறது, நோயாளி பிழைக்கிறார். ஆகவே "ஈ.ஆர். அழுத்தத்தைச் சீராக்கும் மூலக்கூறு" என்று இலக்கை எழுதாதீர்கள். அப்படி ஒரு பொருள் கிடையாது. எந்தச் செல், எந்தப் புரதம், மூன்றில் எந்த உணரி, கூட்டவா குறைக்கவா, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் ஸ்கிரீனிங்குக்கு இன்னும் நேரம் வரவில்லை.

இனி பிளேட்டுக்கு வருவோம். உங்கள் செல்கள் பேசாமலே உங்களை ஏமாற்றும். ஈ.ஆர். துறையின் பழைய அடையாளப் புரதமான ஜி.ஆர்.பி.78, அதாவது மேலே சொன்ன பிப், குளுக்கோஸ் இல்லாமல் தவித்த செல்களில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. வார இறுதியில் மீடியம் மாற்றாமல் விட்ட, நெருக்கமாக வளர்ந்துவிட்ட செல்கள் குளுக்கோஸைத் தின்று தீர்த்து, நீங்கள் எதையும் சேர்க்கும் முன்பே அழுத்தத்தில் இருக்கும். அந்தச் செல்கள் மேல் எந்த மூலக்கூறும் வேலை செய்வதாகவோ செய்யாததாகவோ காட்டும். 384 குழி பிளேட்டில் ஓரக் குழிகள் சீக்கிரம் காய்கின்றன, டி.எம்.எஸ்.ஓ. அளவு குழிக்குக் குழி மாறினாலே சிக்னல் ஆடும். பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கும் நெகட்டிவ் கன்ட்ரோலுக்கும் இடையிலான இடைவெளியை இசட்-பிரைம் என்ற எண்ணால் அளக்கிறோம். அது 0.5க்கு மேல் இல்லாமல் மூலக்கூறு நூலகத்தைத் திறக்காதீர்கள். இவையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லிக் கொடுக்காமல் விடுபடுகிற சிலவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் லூசிஃபெரேஸ். மின்மினியின் அந்த நொதியை உங்கள் மரபணுவோடு கோத்து, ஒளி கூடினால் எதிர்வினை கூடியது என்று எண்ணுகிறோம். ஆனால் நூலகத்தில் உள்ள மூலக்கூறுகளில் பல, லூசிஃபெரேஸையே பிடித்துக்கொள்பவை. பிடித்துக்கொண்டால் ஒளி குறையும் என்றுதான் எதிர்பார்ப்போம். நடப்பது பல வேளைகளில் வேறு. பிடிபட்ட நொதி செல்லுக்குள் சிதையாமல் நிலைக்கிறது, அளவு கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் செல்லை உடைத்து அடிப்பொருளை ஊற்றும்போது தடை விலகி, ஒளி பளிச்சென்று ஏறுகிறது. மரபணு எதுவும் தூண்டப்பட்டிருக்காது. அட்டலூரன் என்ற மூலக்கூறு லூசிஃபெரேஸ் சோதனையில்தான் கண்டெடுக்கப்பட்டது. அங்கே காட்டிய சிக்னல் இந்த வகையைச் சேர்ந்தது என்று 2009ல் டக்ளஸ் ஆல்டும் ஜேம்ஸ் இங்லீசும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்திலிருந்து எழுதினார்கள். அட்டலூரனைக் கண்டுபிடித்தவர்கள் அதை ஏற்கவில்லை, விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. உங்களுக்கு அந்த விவாதமே வேண்டாம். லூசிஃபெரேஸ் ரிப்போர்ட்டர் இல்லாத செல்லில், எக்ஸ்.பி.பி.1 எம்.ஆர்.என்.ஏ. வெட்டுப்படுகிறதா என்று ஆர்.டி.-பி.சி.ஆர். செய்து பாருங்கள். 26 எழுத்து வித்தியாசம் ஜெல்லில் தெரியும். ஒரு நாள் வேலை, ஒரு ஆய்வேட்டைக் காப்பாற்றும்.

அடுத்தது, நான் ஆய்வேடுகளில் அதிகம் காணும் பொறி. அழுத்தத்தைக் குறைக்கும் மூலக்கூறைத் தேடுகிறீர்கள். ஒன்று அற்புதமாக வேலை செய்கிறது. மூன்று உணரிகளும் அடங்குகின்றன, சாப் குறைகிறது, செல்கூடச் சாகவில்லை. அது புரத உற்பத்தியையே நிறுத்தும் நஞ்சாக இருக்கலாம். சைக்ளோஹெக்சிமைடு போட்டுப் பாருங்கள், அச்சாக இதே முடிவு வரும். புதுப் புரதம் உள்ளே வராவிட்டால் மடிக்க வேண்டியதும் இல்லை, நெருக்கடியும் இல்லை. ரிப்போர்ட்டரும் புரதம்தான் என்பதால் அதுவும் உருவாகாது. எனவே அழுத்தத்தைக் குறைப்பதாகத் தோன்றும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் முதல் கேள்வி, மொத்தப் புரத உற்பத்தி என்ன ஆயிற்று என்பதுதான். பியூரோமைசினைச் சிறிது நேரம் கொடுத்து, புதிதாக உருவாகும் புரதங்களில் அது எவ்வளவு சேர்ந்தது என்று பிளாட்டில் பார்த்தால் போதும். இதைச் செய்யாத ஆய்வேட்டை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்பாதீர்கள், கட்டுரை எவ்வளவு பெரிய இதழில் வந்திருந்தாலும்.

மூன்றாவது, அழுத்தம் தரும் பொருளையே தடுத்துவிடுவது. பெரும்பாலோர் டுனிகாமைசின் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள். புரதங்களில் சர்க்கரைச் சங்கிலி ஏறுவதை அது தடுக்கிறது. ஆனால் அது செல்லுக்குள் போக ஒரு வழி வேண்டும். எம்.எஃப்.எஸ்.டி.2ஏ என்ற சவ்வுப் புரதம் இல்லாத செல்கள் டுனிகாமைசினைத் தாங்கிக்கொள்கின்றன என்பது 2011ல் வெளியான ஆய்வு. உங்கள் மூலக்கூறு அந்த வாசலை மட்டும் அடைத்திருந்தால்? நோயாளியின் நரம்புச் செல்லில் டுனிகாமைசின் கிடையாது, அடைப்பதற்கு வாசலும் கிடையாது. தாப்சிகார்ஜின் கால்சியம் பம்பை நிறுத்தி அழுத்தம் தருகிறது, டி.டி.டி. கந்தகப் பிணைப்புகளைக் குலைத்து அழுத்தம் தருகிறது. வழிகள் வேறு வேறு. குறைந்தது இரண்டிலாவது உங்கள் மூலக்கூறு ஒரே மாதிரி நடக்க வேண்டும். அதைவிட நல்லது, நோயில் உண்மையிலேயே தவறாக மடிகிற அந்தப் புரதத்தைச் செல்லில் வைத்துப் பார்ப்பது.

எதிர்வினையைக் கூட்டும் மூலக்கூறைத் தேடுபவர்களுக்குப் பொறி வேறு மாதிரி. ஈ.ஆரைக் காயப்படுத்தும் எதுவும் எதிர்வினையைக் கூட்டும். அப்படியானால் பாதி நூலகம் ஹிட் ஆகிவிடும். ஸ்கிரிப்ஸில் ஜெஃப்ரி கெல்லியும் லூக் வைஸ்மனும் 2016ல் வெளியிட்ட வேலையைப் படிக்கச் சொல்வேன். 6,44,951 மூலக்கூறுகள். அதில் ஏ.டி.எஃப்.6 வழியைத் தூண்டியவற்றை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு வழிகளும் சேர்ந்து கிளம்புகின்றனவா என்று மரபணு மரபணுவாகப் பார்த்தார்கள். மூன்றும் சேர்ந்து கிளம்பினால் செல்லுக்குக் காயம். ஒன்று மட்டும் கிளம்பினால் செல்லுக்குச் செய்தி. அந்தச் சல்லடையில் தேறிய ஏ.ஏ.147, அமிலாய்டு உண்டாக்கும் ஆன்டிபாடித் துண்டு செல்லை விட்டு வெளியேறுவதைக் குறைத்தது. அதோடு விடவில்லை. 2018ல் அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் கண்டார்கள். செல்லுக்குள் வினைபுரியும் வடிவமாக மாறி, ஈ.ஆரில் உள்ள டைசல்ஃபைடு ஐசோமரேஸ் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறதாம். ஒரு மூலக்கூறு பல இடத்தில் ஒட்டக்கூடியது என்பதை மறைக்காமல் எழுதியது அந்தக் கட்டுரையின் மேல் என் மதிப்பை உயர்த்தியது.

ஒட்டுவது பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பொருள்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வரும் திட்டங்களில் பெரும்பகுதி மூலிகைச் சாறுகளில் தொடங்குகிறது. அதில் தவறில்லை, தாப்சிகார்ஜினும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். ஆனால் மஞ்சளின் குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் கரையாது, மீடியத்தில் வெகு விரைவில் சிதைகிறது, புரதங்களோடு கண்டபடி வினைபுரிகிறது, தானே ஒளிர்கிறது. வைக்கும் சோதனையில் எல்லாம் ஹிட் ஆகிறது. 2017ல் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் வந்த நீண்ட மதிப்பாய்வு, இரட்டை மறைப்பு முறையில் நடந்த எந்த மருத்துவச் சோதனையிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று எழுதியது. மஞ்சளை அவமதிப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நம் பாட்டிமார் மஞ்சளை நம்பியதற்கு வேறு காரணங்கள் இருந்தன. நம் பிளேட் சொல்லும் காரணம் அது ஆகாது. அமுக்கராவிலிருந்து வரும் விதாஃபெரின்-ஏ இன்னொரு பாடம். கொழுத்த எலிகளில் அது லெப்டினுக்கான உணர்வைக் கூட்டி எடையைக் குறைக்கிறது என்று 2016ல் ஒரு குழு எழுதியது. புற்றுச்செல்களில் ஈ.ஆர். அழுத்தத்தைத் தூண்டிச் சாகடிக்கிறது என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. சிஸ்டீன் வெளியே தெரியும் புரதங்களில் எல்லாம் ஒட்டக்கூடிய மூலக்கூறு அது. எந்த அளவில் எதில் ஒட்டி எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்லாமல் "அமுக்கரா ஈ.ஆர். அழுத்தத்துக்கு நல்லது" என்று எழுதினால், அந்த வாக்கியம் எதையும் சொல்லவில்லை.

கரையாத மூலக்கூறுகள் திரண்டு நுண்ணிய உருண்டைகளாகி, அவற்றின் மேல் நொதிகளை ஒட்டவைத்துச் செயலிழக்கச் செய்யும் வித்தையை பிரையன் ஷோய்செட் இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். துளி டிரைட்டான் சேர்த்தால் விளைவு மறைகிறதா என்று பாருங்கள். செல் இல்லாத நொதிச் சோதனைக்கு இது அவசியம். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஹிட்டைக் கொன்று கொன்று பார்த்த பிறகும் ஒன்று மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதற்கு இஸ்ரிப் என்ற மூலக்கூறுதான் எனக்குப் பிடித்த சான்று. வால்டரின் ஆய்வகத்தில் கார்மெலா சிட்ராஸ்கி பெர்க் வழியைத் தடுக்கும் மூலக்கூறைத் தேடி ஒரு லட்சத்துக்கும் மேல் சோதித்தார். மிஞ்சிய ஒன்று பெர்க்கைத் தொடவே இல்லை. இ.ஐ.எஃப்.2-ஆல்ஃபா மேல் பாஸ்பேட் அப்படியே இருந்தது, ஆனாலும் புரத உற்பத்தி மீண்டது. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. 2013ல் வெளியிட்டபோது, அது கொடுக்கப்பட்ட நோயற்ற எலிகளுக்கு நினைவாற்றல் கூடியதும் தெரிந்தது. உலகமே அந்த நினைவாற்றலைப் பேசியது. அவர்களோ அது எதில் ஒட்டுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். 2015ல் வால்டர் குழுவும், கேம்பிரிட்ஜில் டேவிட் ரான் குழுவும் இ.ஐ.எஃப்.2பி என்ற கூட்டுப்புரதம்தான் அது என்று காட்டின. ரான் குழு செய்த முறை எளிய ஆய்வகங்களும் நினைக்கக்கூடியது: செல்களில் பிறழ்வுகளை உண்டாக்கி, இஸ்ரிப்புக்கு மசியாத செல்களைப் பொறுக்கி, அவற்றில் எங்கே மாற்றம் என்று படித்தார்கள். ஒரே எழுத்து மாறினால் மருந்து பலிக்காது என்று காட்டிவிட்டால், அந்த மருந்து அங்கேதான் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட வலிய சான்று இல்லை.

நல்ல இலக்கும் உடம்புக்குள் போனால் வேறு முகம் காட்டும். பெர்க்கை வலுவாகத் தடுக்கும் ஜி.எஸ்.கே.2606414 என்ற மூலக்கூறை மல்லூச்சி குழு 2013ல் பிரியான் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தது. மூளை காப்பாற்றப்பட்டது. எலிகள் இளைத்தன, ரத்தச் சர்க்கரை ஏறியது, கணையம் பாதிக்கப்பட்டது. இதை முன்பே கணித்திருக்க முடியும். பெர்க் மரபணு பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு வோல்காட்-ரேலிசன் நோய் வருகிறது. கைக்குழந்தைப் பருவத்திலேயே சர்க்கரை நோய். நாளெல்லாம் இன்சுலின் மடிக்கும் பீட்டா செல்லுக்கு பெர்க் இல்லாமல் முடியாது. நரம்புச் செல்லைக் காக்கும் உங்கள் மூலக்கூறை, கணையச் செல்லில் வைத்துப் பார்க்கும் ஒரு சோதனையை முதல் ஆண்டுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் இதே மூலக்கூறு பெர்க்கோடு ரிப்கே-1, கிட் என்ற வேறு கைனேஸ்களையும் தடுக்கிறது என்று காட்டினார்கள். "பெர்க் தடுப்பான் கொடுத்தோம், ஆகவே பெர்க்தான் காரணம்" என்று எழுதிய எத்தனையோ கட்டுரைகளின் அடித்தளம் அதோடு ஆட்டம் கண்டது. மரபணுவை நீக்கிய செல்லில் மருந்து பலனற்றுப் போகிறதா என்று பார்த்திருந்தால் போதும்.

ஆய்வாளர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் இந்தத் துறையில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. குவானாபென்ஸ் என்ற பழைய ரத்த அழுத்த மாத்திரை, இ.ஐ.எஃப்.2-ஆல்ஃபாவின் பாஸ்பேட்டை நீக்கும் நொதியைத் தடுத்துச் செல்லைக் காக்கிறது என்று 2011ல் கேம்பிரிட்ஜில் ஆன் பெர்த்தலோட்டியின் குழு எழுதியது. டேவிட் ரான் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். ரத்த அழுத்தத்தைத் தொடாத அதன் வழித்தோன்றல் செஃபின்1, 2015ல் வந்தது. 2017ல் ரானின் சொந்த ஆய்வகமே, இந்த இரண்டு மூலக்கூறுகளும் அந்த நொதியைத் தடுப்பதற்குத் தங்களுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று வெளியிட்டது. மூலக்கூறு செல்லைக் காக்கிறதா என்பது ஒரு கேள்வி. நாம் சொல்லும் காரணத்தால் காக்கிறதா என்பது வேறு கேள்வி. தான் கையெழுத்திட்ட விளக்கத்தையே மறுபடி சோதித்து, கிடைத்ததைப் பொதுவில் வைப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். யார் சரி என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த நெஞ்சுரத்தை உங்களுக்கு விரும்பிச் சிபாரிசு செய்கிறேன்.

இவ்வளவு கறாராக ஏன் இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். உங்களில் பலர் பாசிட்டிவ் கன்ட்ரோலாக வைக்கும் இரண்டு பொருள்கள் ஃபீனைல் பியூட்டிரேட்டும் டுட்காவும். இவை இரண்டும் சர்க்கரை நோய் கண்ட கொழுத்த எலிகளில் ஈ.ஆர். அழுத்தத்தைக் குறைக்கின்றன என்று 2006ல் ஹார்வர்டிலிருந்து வந்த கட்டுரைக்குப் பிறகு அவை எல்லா ஆய்வகங்களின் அலமாரியிலும் இடம் பிடித்தன. இதே இரண்டையும் சேர்த்து ஏ.எல்.எஸ். நோய்க்கு மருந்தாக்கினார்கள். 137 பேரிடம் நடந்த சோதனை நம்பிக்கை தந்தது. 2022 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. ஆண்டுக்குச் சுமார் 1,58,000 டாலர் விலை வைத்தார்கள். பிறகு 664 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2024 மார்ச்சில் வந்தது. மருந்து எடுத்தவர்களுக்கும் வெற்றுப் பொருள் எடுத்தவர்களுக்கும் வேறுபாடு இல்லை. ஏப்ரலில் நிறுவனம் தானாகவே மருந்தைத் திரும்பப் பெற்றது. இஸ்ரிப்பின் வழியில், இ.ஐ.எஃப்.2பியைக் குறிவைத்து உருவான இரண்டு மருந்துகளும் 2025 ஜனவரியில் ஏ.எல்.எஸ். சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை. 1,040 பொருள்களின் சிறு நூலகத்திலிருந்து 2017ல் எலிகளுக்கு நல்லது என்று தேறிய மனச்சோர்வு மாத்திரை டிராசோடோனும் பிரிட்டனில் அதே நோய்க்கான சோதனையில் பலனின்றி நிறுத்தப்பட்டது.

ஏ.எல்.எஸ். வந்தவருக்குக் கை போகும், பேச்சு போகும், விழுங்கும் திறன் போகும். அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அவர் வீட்டில் யாராவது ஒருவர் ராத்திரி உட்கார்ந்து நம் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தேடிப் படிக்கிறார். "நரம்புச் சிதைவு நோய்களுக்கான நம்பிக்கை தரும் மருந்து" என்று நீங்கள் பழக்கதோஷத்தில் எழுதும் கடைசி வரியை அவர் அப்படியே நம்புகிறார். செய்தித்தாளில் ஒரு வரி வந்துவிட்டால் ஆய்வகத்துக்குத் தொலைபேசி வரும்: அந்த மருந்து எங்கே கிடைக்கும், என்ன விலையானாலும் பரவாயில்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகு யாரும் அந்த வரியை மீண்டும் எழுத மாட்டார்கள். கேட்கும் முன்பே எழுதாமல் இருங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நம்பிக்கை இல்லை என்று நான் சொல்லவில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் சி.எஃப்.டி.ஆர். என்ற புரதத்தின் 508ஆம் இடத்தில் ஒரு ஃபீனைல் அலனின் விடுபட்டுப் போகிறது. அவ்வளவுதான். புரதம் சரியாக மடியாமல் ஈ.ஆரிலேயே பிடிபட்டுச் சிதைக்கப்படுகிறது. அதை மடியவைத்துச் சவ்வுக்குக் கொண்டுவரும் மூலக்கூறுகளை ஸ்கிரீனிங்கில்தான் கண்டெடுத்தார்கள். ஆனால் வளர்ப்புச் செல்களில் ஒளிர்ந்ததோடு நிற்காமல், நோயாளிகளின் நுரையீரலிலிருந்து வளர்த்த மூச்சுக்குழல் செல்களில் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, அங்கே உப்பு கடந்து போனால் மட்டுமே மேலே கொண்டு போனார்கள். 2019ல் வந்த மூன்று மருந்துக் கூட்டு வரைக்கும் அந்தப் பிடிவாதம் தளரவில்லை. முப்பதைத் தாண்டுவதே பெரிது என்றிருந்த நோயாளிகள் இப்போது ஓய்வூதியத்தைத் திட்டமிடுகிறார்கள். இந்த மருந்துகள் செல்லின் எதிர்வினையைத் தொடவில்லை, மடிய மறுத்த அந்த ஒரே புரதத்தைத் தொட்டன. உங்கள் நோயில் குற்றவாளிப் புரதம் எது என்று தெளிவாகத் தெரிந்தால், எதிர்வினையை விட்டுவிட்டுப் புரதத்தையே குறிவைக்க முடியுமா என்று வழிகாட்டியோடு ஒருமுறை வாதாடிப் பாருங்கள்.

எங்களிடம் ரோபோ இல்லை, ஆறு லட்சம் மூலக்கூறு வாங்கப் பணம் இல்லை என்று சொல்வீர்கள். தெரியும். டிராசோடோனைக் கண்ட நூலகம் ஆயிரம்தான். முதல் சலிப்பு புழுக்களில் நடந்தது. அந்த மருந்து மனிதரில் பலிக்காதது நூலகம் சிறியது என்பதால் அல்ல. அனுமதி பெற்ற மருந்துகளின் சிறு தொகுப்பு, இரண்டு விதமான அழுத்தப் பொருள், புரத உற்பத்திச் சோதனை ஒன்று, ரிப்போர்ட்டர் இல்லாத பி.சி.ஆர்., மரபணு நீக்கிய ஒரு செல்வகை, கணையச் செல் ஒன்று. இவை ஒரு பல்கலைக்கழகத் துறையின் வசதிக்குள் அடங்குபவை. நூலகத்தை ஓட்ட எடுக்கும் காலத்தைவிட இவற்றுக்கு அதிகக் காலம் ஒதுக்குங்கள். வழிகாட்டி அவசரப்படுத்தினால் இந்த மடலைக் காட்டுங்கள்; பழி என் மேல் இருக்கட்டும்.

இன்னொன்று. விழுந்துபோன ஹிட்டுகளை எங்கும் எழுதாமல் நோட்டுப் புத்தகத்தோடு மூடிவைக்கிறீர்கள். வேறொரு ஊரில் வேறொரு மாணவி அதே மூலக்கூறை வாங்கி அதே லூசிஃபெரேஸிடம் ஏமாறப் போகிறாள். எந்த மூலக்கூறு, எந்த அளவில், எந்தச் சோதனையில், எதனால் விழுந்தது என்று ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அட்டவணையாகக் கொடுங்கள். பிளேட்டின் மூல எண்களையும் சேருங்கள். வாய்மொழித் தேர்வுக்கு வரும்போது நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான், அங்கிருந்துதான் கேள்விகளையும் தொடங்குவேன்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்த ஆய்வாளர் ஒருவர்